இணையத்தில் வரும் ‘ஹோம் புரூ’ பெட்டி: பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கிள்ளானில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குக் கடந்த மாதம் போயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் தம்பி என்னைக் கார் நிறுத்தும் இடத்துக்கு அழைத்துப் போனான். பழைய செய்தித்தாள் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு பெரிய வெள்ளை வாளி இருந்தது. மூடியில் ஒரு துளை, பக்கத்தில் ஒரு குழாய்.

“அக்கா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. பீர் காய்ச்சுற செட்டு. 280 வெள்ளி. உள்ளே வந்த கண்ணாடிக் கருவி உடைஞ்சு கிடந்துச்சு. ஈஸ்ட் பாக்கெட்ல தேதி போய் எட்டு மாசம் ஆச்சு. வித்தவனுக்கு மெசேஜ் போட்டேன். இப்ப என் நம்பரையே தடுத்து வச்சிட்டான்.”

“புகார் செஞ்சியா?” என்று கேட்டேன்.

“எங்கக்கா போய்ச் சொல்றது? என்ன வாங்கினேன்னு கேப்பாங்களே. வெக்கமா இருந்துச்சு.”

தம்பிக்கு 24 வயது. கிடங்கு ஒன்றில் வேலை. அவனைப் போல் பலரின் கைப்பேசியில் இந்த விளம்பரங்கள் வருகின்றன. ஷோப்பி, லாசாடா, டிக்டாக் என்று எதைத் திறந்தாலும், ஒருமுறை தேடிவிட்டால் போதும், வாளி, குழாய், புட்டி மூடும் கருவி, ஈஸ்ட் என்று வரிசையாக வந்து நிற்கின்றன. பியருக்கு நம் நாட்டில் விதிக்கப்படும் கலால் வரி அதிகம். கடையில் ஒரு டின் வாங்கும் காசுக்கு வீட்டிலேயே நாலு டின் அளவு செய்யலாம் என்ற கணக்கு இளைஞர்களை இழுக்கிறது. அந்தக் கணக்கில் விற்பவர் சொல்லாமல் விடும் சில விஷயங்கள் உண்டு. அவற்றை இங்கே பார்ப்போம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பொதுவாக இந்தப் பெட்டியில் 23 லிட்டர் பியருக்கான வாளி, அதன் மூடி, மூடியில் செருகும் ‘ஏர்லாக்’, ஹைட்ரோமீட்டர், அடியில் பொருத்தும் குழாய், கிருமிநீக்கித் தூள் ஆகியவை இருக்கும். சிலவற்றில் டின்னில் அடைத்த மால்ட் சாறும் ஒரு பாக்கெட் ஈஸ்டும் சேர்ந்து வரும்.

ஏர்லாக் என்பது ஒரு சின்ன நீர்ப்பூட்டு. புளிக்கும்போது உண்டாகும் கரியமில வாயு அதன் வழியே குமிழிட்டு வெளியேறும். வெளிக்காற்று உள்ளே போகாது. ஹைட்ரோமீட்டர் என்பது திரவத்தில் மிதக்கவிட்டு அடர்த்தியைப் பார்க்கும் கண்ணாடிக் குழல். சர்க்கரை குறையக் குறைய அது கீழே இறங்கும். புளிப்பு முடிந்ததா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும். முடியாத நிலையில் புட்டியில் அடைத்தால் உள்ளே வாயு பெருகிக் கண்ணாடி வெடித்துச் சிதறும். தம்பிக்கு உடைந்து வந்தது அந்தக் கருவிதான். பெட்டியிலேயே முக்கியமான பாதுகாப்புக் கருவியும் பயணத்தில் எளிதாக உடையும் பொருளும் அது ஒன்றே.

ஈஸ்ட் உயிருள்ள பொருள். நம் வீட்டு அடுப்பங்கரைகளில் ஆப்ப மாவைப் பொங்கவைப்பதும் அதன் இனம்தான். காய்ந்த ஈஸ்ட்டைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். கிடங்கிலும் லாரியிலும் நாள்கணக்கில் வெந்து கிடந்த பாக்கெட்டின் வீரியம் குறைந்துவிடும். அதோடு, பரவலாக விற்கப்படும் ஏல் வகை ஈஸ்ட்டுகள் பெரும்பாலும் 18 முதல் 22 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நன்றாக வேலை செய்பவை. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பகல் வெப்பம் 32, 33 பாகையைத் தொடும். ‘யார் வேண்டுமானாலும் செய்யலாம், இரண்டே வாரம்’ என்ற விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

விற்பது வேறு, காய்ச்ச அனுமதி வேறு

தம்பி அடுத்துக் கேட்ட கேள்வி இது: “தப்பா இருந்தா இப்படி வெளிப்படையா விப்பாங்களாக்கா?”

வாளி, குழாய், ஏர்லாக், ஹைட்ரோமீட்டர் ஆகியவை பல வேலைகளுக்கு உதவும் பொருள்கள். கொம்புச்சா, ஊறுகாய் என்று புளிக்கவைக்கும் எதற்கும் பயன்படும். அவை விற்பனைக்கு இருக்கின்றன என்பதாலேயே பியர் காய்ச்ச அனுமதி கிடைத்துவிட்டதாக ஆகாது.

மலேசியாவில் பியர் கலால் வரிக்கு உட்பட்ட பொருள். அத்தகைய பொருளைத் தயாரிக்க 1976ஆம் ஆண்டு கலால் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். அரச மலேசிய சுங்கத் துறையே அதற்குப் பொறுப்பு. ஷா ஆலாமில் உள்ள கார்ல்ஸ்பெர்க், பெட்டாலிங் ஜெயா சுங்கைவேயில் உள்ள ஹைனிக்கன் ஆகிய ஆலைகள் உரிமம் பெற்று, வரி கட்டி நடப்பவை. வீட்டின் பின்புறத்தில் வாளி வைப்பவரிடம் அந்த உரிமம் இல்லை. ‘விற்கவில்லை, நானும் கூட்டாளிகளும்தான் குடிக்கிறோம்’ என்பது உரிமத்துக்கு ஈடாகாது.

இளைஞர்கள் குழம்புவதற்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் பார்க்கும் காணொளிகள் வெளிநாட்டவை. பிரிட்டனில் 1963இலேயே வீட்டுப் பியருக்கு உரிமம் வேண்டாம் என்றாக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் 1978இல் கையெழுத்தான சட்டம் வீட்டு உபயோகத்துக்கு வழிவிட்டது. பக்கத்தில் சிங்கப்பூரில்கூட ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை, விற்காமல், சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சலாம்; வடித்தெடுக்கக் கூடாது. காணொளியில் பேசுபவர் தம் நாட்டுச் சட்டப்படி சரியாகத்தான் பேசுகிறார். ஜொகூர் பாலத்துக்கு இந்தப் பக்கம் அது பொருந்தாது.

வடிகலன் என்றால் உடனே விலகுங்கள்

புளிக்கவைப்பது ஒன்று, வடிப்பது வேறொன்று. புளித்த திரவத்தைச் சூடாக்கி, ஆவியைக் குளிரவைத்து, மதுசாரத்தைப் பிரித்தெடுப்பதே வடிப்பு. சம்சு வருவது இந்த வழியில்தான். இணையத்தில் செம்பு, எஃகு வடிகலன்கள் ‘நறுமண எண்ணெய் எடுக்கும் கருவி’ என்ற பெயரில் வருகின்றன. அதன் கீழே வாங்கியவர்கள் எழுதும் கருத்துகளைப் படித்தால் யாரும் ரோஜா எண்ணெய் எடுப்பதாகத் தெரியவில்லை.

மதுசார ஆவி தீப்பற்றக்கூடியது. மூடிய சமையலறையில் எரிவாயு அடுப்பின் மேல் அதை வைப்பது வீட்டையே பணயம் வைப்பது. மலிவான கலன்களில் ஈயம் கலந்த பற்றுவைப்பு இருந்தால் அந்த ஈயம் பானத்தில் இறங்கும்.

2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அதைச் சுற்றியும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது. இறந்தவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மெத்தனால் என்பது தொழிற்சாலைகளில் பயன்படும் மலிவான மதுசாரம். சாதாரணமாகப் புளித்த பியரிலோ கள்ளிலோ அது உயிரைப் பறிக்கும் அளவுக்கு உண்டாவதில்லை. இத்தகைய பெருஞ்சாவுகள் பெரும்பாலும் யாரோ மெத்தனாலைக் கலந்து விற்பதால் நேர்பவை. ஆகவே ‘எந்தக் கலனில் வடிந்தது, என்ன கலந்தது’ என்று தெரியாத புட்டியை, தெரிந்தவர் கொடுத்தாலும் தொடாதீர்கள். குடித்துப் பல மணி நேரம் கழித்துப் பார்வை மங்கினாலோ, கடும் வயிற்றுவலி, வாந்தி, மூச்சுத் திணறல் வந்தாலோ ‘தூங்கினால் சரியாகிவிடும்’ என்று விடாமல் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சீக்கிரம் போனால் சிகிச்சை உண்டு.

நம் மக்களுக்கு இது புதிய கதையும் அல்ல. தோட்டப்புறத்தில் கள்ளுக்கடை என்ன செய்தது என்பதை நம் தாத்தா பாட்டிகள் அறிவார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, கூலி உயர்வோடு சேர்த்து அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது. நாதன் அந்த ஆண்டு மே மாதம் கைதாகி நாடு கடத்தப்பட்டார். பின்னாளில் கள்ளின் இடத்தைச் சம்சு பிடித்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்றவை சம்சுவுக்கு எதிராகப் பல்லாண்டு பேசியிருக்கின்றன. கைப்பேசி வழியே வரும் பெட்டியைப் பார்த்து வீட்டுப் பெரியவர்கள் பதறுவதற்கு இந்த நினைவுதான் காரணம்.

ஏமாற்று எங்கே தொடங்குகிறது?

தம்பியின் உரையாடல்களை நானே படித்துப் பார்த்தேன். முதலில் அவன் பெயர்பெற்ற ஒரு விற்பனைத் தளத்தில்தான் அந்த வாளியைப் பார்த்திருக்கிறான். கேள்வி கேட்டதும் விற்பவர், “இங்கே வேண்டாம் பாஸ், வாட்ஸ்அப்புக்கு வாங்க, 40 வெள்ளி குறைச்சுத் தர்றேன்” என்று சொல்லியிருக்கிறார். பிறகு ஒரு தனிநபரின் வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்திருக்கிறார். தம்பி பணத்தை மாற்றியிருக்கிறான். அந்த 40 வெள்ளிக் கழிவில்தான் அவனுடைய பாதுகாப்பு மொத்தமும் போய்விட்டது.

தளத்துக்குள் பணம் கட்டினால், பொருள் கைக்கு வந்து நீங்கள் ஒப்புக்கொள்ளும் வரை, அல்லது அதற்குரிய அவகாசம் முடியும் வரை, பணம் தளத்திடமே இருக்கும். வெளியே கட்டினால் தளத்துக்கு உங்களைத் தெரியாது.

இந்த வகைப் பொருள்களில் ஏமாற்று அதிகம் எடுபடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வாங்கியவர் வெளியே சொல்லமாட்டார் என்பது விற்பவருக்குத் தெரியும். அரிசிக் குக்கர் பழுதாக வந்தால் குடும்பமே சேர்ந்து சண்டை போடும். பியர் வாளி உடைந்து வந்தால் பையன் அதைச் செய்தித்தாளுக்குப் பின்னால் மறைத்து வைப்பான். ஆகவே எதை வாங்கினாலும் முதலில் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது கெட்டுப்போய் வந்தால் நான் அதிகாரியின் முன் நின்று இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச முடியுமா? முடியாது என்றால் அந்தப் பணம் கட்டும்போதே பாதி போய்விட்டது.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

கொம்புச்சா ஜாடியோ, ஊறுகாய்ப் பீப்பாயோ, ஏர்லாக் மூடியோ, எதுவானாலும் இந்த வழக்கத்தைக் கைக்கொள்ளலாம்.

முதலாவது, விற்பவர் யார் என்று பாருங்கள். இணையத்தில் விற்பவர் தம் பெயர் அல்லது நிறுவனப் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் முக்கியத் தன்மைகள், அனுப்பும் செலவு உட்பட முழு விலை, பணம் கட்டும் முறை, பொருள் வந்து சேரும் உத்தேச நாள் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்பது இங்கே சட்ட விதி. பதிவு எண் இருந்தால் எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவன ஆணையத்தின் இணையப் பக்கத்தில் தேடிப் பார்க்கலாம்.

இரண்டாவது, தனிநபர் கணக்குக்குப் பணம் மாற்றச் சொன்னால் போலீஸ் துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் அந்தக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போட்டுப் பாருங்கள். முன்பு புகார் வந்திருந்தால் காட்டும். புகார் இல்லை என்று காட்டினால் நல்லவர் என்று பொருளல்ல; இதுவரை யாரும் புகார் செய்யவில்லை என்று மட்டுமே பொருள்.

மூன்றாவது, எழுத்தில் கேளுங்கள். ‘காலாவதித் தேதி என்ன? பிளாஸ்டிக் உணவுக்கு ஏற்றதா? கண்ணாடி உடைந்தால் மாற்றித் தருவீர்களா?’ என்ற மூன்று கேள்விகள் போதும். தளத்தின் உரையாடல் பெட்டியிலேயே கேளுங்கள். பதில் நாளை சான்றாகும்.

நான்காவது, வெளிநாட்டிலிருந்து வரும் பொருளா என்று பாருங்கள். 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத விலையில் இணையம் வழி இறக்குமதியாகும் பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. விலை குறைவாகத் தெரிவது கட்டணப் பக்கத்தில் கூடிவிடும். பொருளைத் திருப்பி அனுப்பும் செலவு சில சமயம் பொருளின் விலையைத் தாண்டும். வெளிநாட்டு விற்பனையாளரை இங்குள்ள மன்றத்துக்கு இழுப்பதும் கடினம்.

ஐந்தாவது, பார்சலைப் பிரிக்கும்போது கைப்பேசியில் படம் பிடியுங்கள். ஒட்டுச்சீட்டு தெரிய வேண்டும், வெட்டுவது முதல் பொருளை எடுப்பது வரை இடையில் நிறுத்தாமல் இருக்க வேண்டும். நன்றாகச் சோதித்துப் பார்க்கும் வரை ‘பொருள் கிடைத்தது’ என்ற பொத்தானை அழுத்தாதீர்கள். அதை அழுத்தினால் பணம் விற்பவருக்குப் போய்விடும்.

பொருள் பழுதாக வந்தால்

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இணையத்தில் வாங்கும் பொருளுக்கும் பொருந்தும். பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், சொன்ன வேலைக்கு உதவ வேண்டும், விவரித்தபடி இருக்க வேண்டும் என்ற உத்தரவாதங்கள் அதில் உண்டு. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று எழுதி ஒட்டிவிட்டதால் அவை மறைந்துவிடுவதில்லை.

முதலில் தளத்தின் திருப்பியனுப்பும் அவகாசம் முடிவதற்குள் படத்தோடு புகாரைப் பதியுங்கள். விற்பவர் “தனியா பேசிக்கலாம், புகாரை எடுத்துடுங்க” என்று கெஞ்சினால், பணம் வரும் வரை எடுக்காதீர்கள். அவகாசம் கடந்துவிட்டால் உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது.

அங்கே தீரவில்லையென்றால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் 1-800-886-800 எண்ணில் புகார் செய்யலாம். அடுத்த படி மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. சிக்கல் எழுந்த மூன்றாண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். படிவத்தை இணையம் வழியும் நிரப்பலாம். மலாயில் எழுதத் தயங்குபவர்கள் இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை உட்காரவைத்து எழுதலாம். மன்றத்தின் தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாமல் இருப்பது குற்றம்.

இதற்கெல்லாம் ஒன்று வேண்டும். எதிர்த் தரப்பின் பெயரும் முகவரியும். தம்பியிடம் இருந்தது ஒரு தொலைபேசி எண்ணும் ஒரு கணக்கு எண்ணும் மட்டுமே.

பொருளே வராமல் பணம் மட்டும் போயிருந்தால் அது பழுதுப் புகார் அல்ல, மோசடி. உடனே தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணையும் உங்கள் வங்கியையும் அழையுங்கள். பிறகு போலீஸ் புகார் செய்யுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு ஓடுவதற்குள் தடுக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும். ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்றால் நாளைக்கு அந்தக் கணக்கில் ஒன்றும் இருக்காது.

கடைசியாக

அன்று இரவே நானும் தம்பியும் உட்கார்ந்து அந்தக் கணக்கு எண்ணைச் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பார்த்தோம். ஏற்கெனவே புகார்கள் இருந்தன. பணம் மாற்றும் முன் பார்த்திருந்தால் அவனுடைய 280 வெள்ளி தப்பியிருக்கும். மறுநாள் அவன் காவல் நிலையம் போய்ப் புகார் கொடுத்தான். ‘என்ன வாங்கினாய்’ என்று அதிகாரி கேட்டாராம். “வாளி, குழாய், கண்ணாடி மீட்டர்” என்று உள்ளதைச் சொன்னானாம். அதிகாரி எழுதிக்கொண்டார். அவன் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. பணம் திரும்பி வருமா என்பது வேறு விஷயம். அடுத்தவன் அந்தக் கணக்கு எண்ணைத் தேடும்போது இன்னொரு புகார் கூடுதலாகத் தெரியும்.

வாளியைப் பாட்டி கண்டுபிடித்துவிட்டார். காப்பார் பக்கத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தம்பியைத் திட்டவில்லை. “உங்க தாத்தா குடிச்ச கடனை நான் பால்மரம் வெட்டி அடைச்சேன், தம்பி. நீ குடிக்காமலே கடனாயிட்ட” என்று மட்டும் சொன்னார். வாளியைக் கழுவிக் காயவைத்து, குழாய்த் துளையை அடைத்து, இப்போது அதில் அரிசி வைத்திருக்கிறார்.